கட்டாத பேனரின் பெருமை

சிலிபின் வாழ் பெருமக்களுக்கும், ஈப்போ மாநகரின் சகல சங்கங்களுக்கும், அவற்றின் தலைவர், துணைத் தலைவர், உதவித் துணைத் தலைவர் அனைவருக்கும் இதனால் பெருமையுடன் அறிவிப்பது என்னவென்றால்: சென்ற ஞாயிற்றுக்கிழமை, மழை வந்து போன ஒரு நன்னாளில், திருவாளர் ராஜு அவர்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் இருந்தார். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும். வரலாற்றுக்கு இப்போது நேரமில்லை என்றால் பிறகு குறித்துக்கொள்ளலாம். ராஜு தவறாக நினைக்க மாட்டார்.

போன வாரம் விட்ட இடம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: ராஜு, நவமணி தம்பதியின் ஒரே மகள் தனேஸ்வரிக்கும், கோலா கங்சாரில் ஆசிரியராக இருக்கும் பவித்ரனுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். வேலைகளைப் பிரித்துக்கொண்டார்கள். நகை, புடவை, அழைப்பிதழ், சமையல், ஐயர், நாதஸ்வரம் எல்லாம் நவமணி. மண்டபம் மட்டும் ராஜு. மண்டபத்து நிர்வாகி பழனியப்பன் அவருடைய பழைய கூட்டாளி. வாய்ப்பேச்சிலேயே தேதியைப் பிடித்து வைத்திருந்தார். ஒரு நடை போய் 'சரி' என்று சொல்லிவிட்டு வந்தால் முடிந்தது. இதைவிடச் சுலபமான வேலை வேறு இல்லை என்பதால்தான் அதை ராஜுவிடம் கொடுத்தார்கள்.

இரண்டாவது வேலை நடுவில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் நவமணியின் அண்ணன் விக்னேஸ்வரன்.

விக்னேஸ்வரனைத் தெரியாதவர்கள் ஈப்போவில் இருக்கலாம். அவர் விட்டு வைத்தால்தானே. தொழில், தன்முனைப்புப் பேச்சு. 'இன்றே, இப்போதே, இக்கணமே' என்ற தலைப்பில் பேரா மாநிலத்தில் அவர் பேசாத மண்டபம் இல்லை. உச்சி வெயிலிலும் கோட்டு. எந்தப் படத்தைப் பார்த்தாலும் வலது கை ஆள்காட்டி விரல் இடது கைக் கடிகாரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். காரியங்களைத் தள்ளிப்போட்டுக் கெட்டவர்களைப் பற்றிப் பேசும்போது பெயர் சொல்ல மாட்டார். அவ்வளவு நாகரிகம். "என் நெருங்கிய உறவினர் ஒருவர்" என்பார். முன்வரிசைக்காரர்கள் திரும்பி ராஜுவைப் பார்ப்பார்கள். ராஜுவும் திரும்பித் தனக்குப் பின்னால் பார்ப்பார்.

இந்த விக்னேஸ்வரனுக்குத்தான் 'சமூகச் சுடர்' பட்டம் வரவிருந்தது. பண்பாட்டு மன்றம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காம்பாரில் விழா எடுத்து அதை வழங்க ஏற்பாடு செய்திருந்தது. விக்னேஸ்வரனின் பெயர் பரிந்துரையில் இருப்பதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். இரும்புக்கடை நாச்சியப்பனின் பெயரும் இருந்தது. யாருக்கு என்பதை மேடையில்தான் அறிவிப்பார்கள். விக்னேஸ்வரனைப் பொறுத்தவரை, பரிந்துரைக்கும் பட்டத்துக்கும் நடுவில் பாக்கி இருந்தது ஒரு கைதட்டல் மட்டும்.

பட்டம் வாங்கினால் மட்டும் நம்மவர்களுக்குப் போதுமா? பேனர் கட்ட வேண்டும். சிலிபின் பாசார் முச்சந்தியில், சந்தைக்குப் போகும் சடக்குச் சாலையின் இரு பக்கமும் இரண்டு விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன. ஊரே கடந்து போகும் இடம். முதலில் கட்டியவருக்கு அந்த இடம் சொந்தம். பிந்தி வந்தவர் மீன் கடைக்குப் பின்னால், சாக்கடை ஓரம் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் விழா நடக்கும் காலையிலேயே, பட்டம் கைக்கு வரும் முன்பே, பேனரை ஏற்றிவிடுவது வழக்கம். இதுவரை யாரும் ஏமாந்ததில்லை. ஏமாந்தவர்கள் வெளியே சொன்னதில்லை.

பேனர் தயாராகிவிட்டது. கோட்டு, விரல், கடிகாரம். 'சமூகச் சுடர் பட்டம் பெற்று வருகை தரும் எங்கள் நேரத்தின் நாயகரே, வருக' என்று கொட்டை எழுத்து. கீழே 'இவண், பொதுமக்கள்'. பொதுமக்களின் உணர்ச்சியை விக்னேஸ்வரனே உட்கார்ந்து எழுதி, இரண்டு இடத்தில் திருத்தியும் கொடுத்திருந்தார். ஆனால் தன் பேனரைத் தானே ஏற்றிக் கட்டுவது அவ்வளவு மரியாதையாக இருக்காது. ஆகவே பொதுமக்களாக ராஜு நியமிக்கப்பட்டார்.

சனிக்கிழமை மாலை பேனர் சுருளைக் கையில் கொடுக்கும்போது விக்னேஸ்வரன் சிரிக்கவில்லை.

"மச்சான், நான் காம்பார்லருந்து திரும்பி வர்றப்ப இது கம்பத்துல இருக்கணும். இல்லன்னா தனேசு கல்யாணத்துல மாமன் மாலைய வேற யாராச்சும் போடட்டும்."

நவமணிக்கு வேறு உடன்பிறப்பு கிடையாது. தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வராவிட்டால், வந்த சனம் முழுக்க மாப்பிள்ளையைப் பார்க்காமல் மாமனைத்தான் தேடும். தனேஸ்வரி சின்ன வயதிலிருந்து மாமா கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகியவள். அன்று ராத்திரி அம்மாவும் மகளும் சரியாகச் சாப்பிடவில்லை. ராஜு சாப்பிட்டார்.

ராஜுவைச் சோம்பேறி என்பவர்கள் அவரை அறியாதவர்கள். கையுறைத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியே ஓய்வு பெற்றவர். ஆனால் பிறந்தது கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில். அங்கே ஒரு சட்டம் உண்டு. மரம் நனைந்திருந்தால் பால் வெட்டக் கூடாது. அவசரப்பட்டு வெட்டினால் பால் கோப்பைக்கு வராமல் பட்டை முழுக்கப் பரவி, மழைத் தண்ணீரோடு மண்ணுக்குப் போய்விடும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் எவ்வளவு கத்தினாலும் பட்டை காயும்வரை கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அந்தத் தோட்டத்தில் வரிசை வீடுகளும் ஒரு கார் கழுவும் கடையும் இருக்கின்றன. ராஜு மட்டும் இன்னும் பட்டை காயட்டும் என்று காத்திருக்கிறார்.

அவரிடம் ஆதாரங்களும் இருக்கின்றன. வாசல் கேட்டுக்குச் சாயம் அடிக்கச் சொல்லி நவமணி ஒரு தீபாவளிக்குச் சொன்னார். அடுத்தடுத்த தீபாவளிகளுக்கும் சொன்னார். கடைசியில் சாக்கடையை அகலப்படுத்த வந்தவர்கள் அந்த வரிசைக் கேட்டுகளை எல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பத்துமலை அந்த வாரம்தான் தன் கேட்டுக்கு இரண்டு கோட்டிங் பச்சை அடித்திருந்தார். ராஜு அவருக்கு ஆறுதல் சொன்னார். சொல்லும்போது முகத்தில் இருந்த ஒளியைப் பத்துமலை இன்னும் மன்னிக்கவில்லை.

ஞாயிறு காலை விக்னேஸ்வரன் ஐந்தாறு மோட்டார் காடிகளோடும், பின்னால் ஒரு வேனில் உருமி மேளத்தோடும் காம்பாருக்குப் புறப்பட்டார். ராஜு பசியாறிவிட்டு ஏணியைத் தேடினார். ஏணி பத்துமலையிடம் இருந்தது. பத்துமலை வீட்டில் இல்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விதி இவ்வளவு தெளிவாகப் பேசும்போது கேட்காமல் இருப்பது அழகில்லை என்று, ராஜு பேனரை அக்குளில் இடுக்கிக்கொண்டு முச்சந்திக் கோப்பிக் கடைக்குப் போனார். கடை முன் நடைபாதையான அஞ்சடியில் போட்டிருந்த மேசையில் உட்கார்ந்து, தே தாரே என்னும் ஆற்றிய பால் தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு, எதிரே நனைந்துகொண்டிருந்த கம்பங்களை மேற்பார்வை பார்த்தார்.

மழை விட்டது. ராஜு கம்பத்தைப் பார்த்தார். ஈரம். இன்னொரு தே தாரே சொன்னார்.

கைத்தொலைபேசி அடித்தது. பழனியப்பன். பழனியப்பன் பேச ஆரம்பித்தால் அவருடைய முழங்கால் வலியிலிருந்து தொடங்கி ஊர்க்கதையெல்லாம் ஒரு சுற்று வந்துதான் நிற்பார். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ராஜு அதைக் கவிழ்த்து வைத்தார்.

பாசாரில் தேங்காய் வாங்க வந்த தனேஸ்வரிதான் வெறும் கம்பங்களை முதலில் பார்த்தாள். அடுத்து அப்பாவைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தேங்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா கிளம்பி எவ்ளோ நேரமாச்சு தெரியுமாப்பா?"

"மழைலா. கம்பம் ஈரமா இருக்கு. கயிறு நிக்காது."

"மாமா வரலன்னா நான் யாரு கையப் பிடிச்சிட்டு மேடைக்கு வாரது?"

பட்டை காய்வதைப் பற்றி ராஜுவிடம் நிறையச் சொல்ல இருந்தது. எதுவும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. தே தாரேயைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். பாதி தே தாரேயை அவர் விட்டு எழுந்தது அதற்கு முன் எப்போது என்று கோப்பிக் கடைக்காரருக்கே தெரியாது.

பத்துமலை வீடு திரும்பியிருந்தார், ஏணி கிடைத்தது. நவமணியும் வந்துவிட்டார். ஊர்வலத்துக்கு விருந்து அவர் வீட்டில்தான். ஆட்டுக்கறி பெரட்டலை அடுப்பில் விட்டு, கையில் கரண்டியோடு முச்சந்திக்கு வந்து நின்றார். அவர் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது, குடும்பப் பத்திரிகை. சாரம் இதுதான்: தன் வாழ்நாளில் இந்த மனிதரிடம் கேட்டது எதுவும் கேட்ட நாளில் நடந்ததில்லை, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாயிற்று, மகள் கல்யாணத்தில் பொறுக்க முடியாது.

ராஜு முதல் கம்பத்தில் ஏறி ஒரு முனையைக் கட்டினார். முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினார். இறங்கினார். ஏணியை இரண்டாவது கம்பத்துக்குத் தூக்கிப் போனார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சொதசொதவென்றிருந்தது. காய்ந்த கயிறு வாங்கி வருவதாகச் சாமான் கடைக்குள் போனார். கடைக்காரர் அவரிடம் மழையைப் பற்றி ஏதோ கேட்டார்.

இனி நாம் கொஞ்சம் காம்பாருக்குப் போய் வரலாம். ராஜு திரும்பி வர நேரமாகும்.

காம்பார் மண்டபத்தில் விக்னேஸ்வரன் முன்வரிசையில் கோட்டுப் பொத்தானைப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். அறிவிப்பாளர் அடைமொழிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். சமூகத்தின் தூண். இளையோரின் வழிகாட்டி. ஓய்வறியா உழைப்பாளி. மூன்றாவது அடைமொழியிலேயே விக்னேஸ்வரன் எழுந்துவிட்டார். 'இக்கணமே' என்பது அவர் கொள்கையல்லவா. மேடைப் படியில் கால் வைத்தபோது பெயர் வந்தது.

நாச்சியப்பன்.

படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்ற மனிதர் வேறென்ன செய்ய முடியும். திரும்பி நின்று, எல்லாருக்கும் முன்னதாகக் கைதட்டினார். அதில்கூட அவரை யாரும் முந்த முடியவில்லை.

உட்கார்ந்த பிறகுதான் பேனர் ஞாபகம் வந்தது. முச்சந்தி. கொட்டை எழுத்து. அதே சடக்கு வழியாகத்தான் நாச்சியப்பனும் அவர் ஆட்களும் ஊர் திரும்ப வேண்டும். விக்னேஸ்வரன் கழிவறைக்குப் போய் ராஜுவை அழைத்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. காடியில் ஏறி அழைத்தார். வழியில் கோப்பெங் ஊரைத் தாண்டும்போது அழைத்தார். 'பேனரை இறக்கு' என்று குரல்பதிவு அனுப்பினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பிற்பாடு நவமணியிடம் சொன்னார்: அந்தக் குரலில் அவர் யாரிடமும் பேசி அதற்கு முன் கேட்டதேயில்லையாம். குலதெய்வத்திடம்கூட இவ்வளவு பணிவாகக் கேட்க மாட்டாராம்.

முச்சந்தியில், காய்ந்த கயிற்றோடு வந்து ஏணியின் கீழ் நின்ற ராஜுவின் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுக்கச் சொன்னார் நவமணி.

"மச்சான்தான். ஏன் இன்னும் கட்டலன்னு ஏசுவாரு. கட்டிட்டு எடுத்தா நல்லதுலா."

உறவுக்காரர்களின் ஏச்சைத் தள்ளிப்போடுவதைவிடச் சிறந்த தள்ளிப்போடல் இல்லை. ராஜு ஏணியில் முதல் படியில் கால் வைத்தார். அப்போது மேளம் கேட்டது. வேனில் வந்த மேளக்காரர்களுக்கு யாரும் செய்தி சொல்லவில்லை. சொன்னபடி ஊர் எல்லையில் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

விக்னேஸ்வரன் காடியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம். முச்சந்தி வந்ததும் ஒரு கண்ணைத் திறந்தார். முதல் கம்பத்தில் பேனர் நனைந்த துண்டு போல் சுருண்டு, ஒரு முனையில் தொங்கியது. பெயர் இல்லை. பட்டம் இல்லை. கோட்டுகூட இல்லை. ஒரு விரலும் கடிகாரமும் மட்டும் வெளியே தெரிந்தன. அது யாருடைய விரலாகவும் இருக்கலாம்.

காடி நின்றது. விக்னேஸ்வரன் இறங்கினார். நவமணி கரண்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, அண்ணன் வாயைத் திறக்கும் முன் காலில் விழுந்துவிடலாமா என்று யோசித்தார். தனேஸ்வரி அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னும் கட்டலையா மச்சான்?"

"கயிறு ஈரமாப் போச்சு மச்சான். சாபார்லா, கொஞ்சம் பொறுங்க, இந்தா இப்பவே கட்டிடுறேன்."

சொன்ன ராஜு, வாழ்க்கையில் முதல்முறையாகச் சுறுசுறுப்பாக இரண்டு படி ஏறிவிட்டார். விக்னேஸ்வரன் பாய்ந்து ஏணியைப் பிடித்தார்.

"என்ன அவசரம் மச்சான். இறங்குங்க. பிறகு பாத்துக்கலாம்."

மேளம் நின்றது. 'பிறகு பாத்துக்கலாம்' என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததை முச்சந்தியே கேட்டது. நவமணி அண்ணனின் கழுத்தைப் பார்த்தார். மாலை இல்லை, பதக்கம் இல்லை. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏணியில் நின்ற புருஷனை நிமிர்ந்து பார்த்தார். அப்படி அவர் ராஜுவை நிமிர்ந்து பார்த்தது பெண் பார்க்க வந்த அன்றுதான். அன்றும் ராஜு தாமதமாகத்தான் வந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து நாச்சியப்பனின் காடி வந்து ஓரங்கட்டியது. கண்ணாடி இறங்கியது. கழுத்து நிறைய மாலையோடு நாச்சியப்பன் கும்பிட்டு, என்ன இங்கே கூட்டம், என்ன பேனர் என்று கேட்டார்.

தன்முனைப்புப் பேச்சாளர் என்றால் சும்மாவா. விக்னேஸ்வரன் விரலும் கடிகாரமும் தெரியாதபடி பேனருக்கு முன்னால் நகர்ந்து நின்றார்.

"உங்களுக்குத்தான் அண்ணே. வாழ்த்து பேனர் கட்ட இடம் பாத்துக்கிட்டு இருக்கோம். நல்ல எடமா இருக்கணுமில்ல?"

நாச்சியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. காடியை விட்டு இறங்கி வந்து, தன் கழுத்திலிருந்த மாலைகளில் ஒன்றைக் கழற்றி விக்னேஸ்வரனுக்குப் போட்டார். இவ்வளவு பெரிய மனசு இந்த ஊரில் யாருக்கு உண்டு என்று தன் ஆட்களிடம் உரக்கச் சொன்னார். மேளக்காரர்கள் இதற்காகத்தான் காத்திருந்ததுபோல் மறுபடி ஆரம்பித்தார்கள். அந்தக் கலகலப்பில் ராஜு பேனரை அவிழ்த்துச் சுருட்டினார். அன்று அவர் தாமதமில்லாமல் முடித்த வேலை அது ஒன்றுதான்.

நவமணி வீட்டு விருந்தில் அதன் பிறகு நடந்தது பட்டமளிப்பு விழாவேதான். கழுத்தில் நாச்சியப்பனின் மாலையோடு விக்னேஸ்வரன் எழுந்து நின்றார். "என் நெருங்கிய உறவினர் ஒருவர்" என்று தொடங்கினார். எல்லாரும் வழக்கம்போல ராஜுவைப் பார்த்தார்கள். இந்த முறை ராஜு திரும்பிப் பின்னால் பார்க்கவில்லை. நிதானம் என்றால் என்னவென்று இன்றுதான் கற்றுக்கொண்டதாக விக்னேஸ்வரன் அறிவித்தார். அடுத்த மாதம் முதல் 'பட்டை காயட்டும்' என்ற தலைப்பிலேயே பேசப்போவதாகவும் சொன்னார். கடைசியில் தனேஸ்வரியைப் பக்கத்தில் அழைத்துத் தோளில் கை வைத்தார்.

"மாமன் மாலைய நான்தான் போடுவேன். எனக்கு முன்ன எவனும் மேடையேறக் கூடாது, சொல்லிட்டேன்."

தனேஸ்வரி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பார்த்தது அப்பாவை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ராஜு ஏணியில் நிற்கும் படத்தை அவள் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தாள். 'எங்கப்பா' என்று மட்டும் எழுதி. ஜொகூர் வரை உள்ள சொந்தங்கள் கைகூப்பும் குறிகளை அனுப்பிக்கொண்டிருந்தன.

பெரட்டலில் நல்லி எலும்பு எப்போதும் அண்ணன் தட்டுக்குத்தான் போகும். அன்று நவமணி கரண்டியோடு ஒரு நொடி நின்று, அதை ராஜுவின் தட்டில் வைத்தார். விக்னேஸ்வரன் தானே ஒரு கறித்துண்டை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். ஆளாளுக்குத் தாங்கள் செய்யாமல் விட்டுப் பிழைத்த காரியங்களை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். பத்துமலைகூட, அந்தப் பச்சைச் சாயத்தை அடிக்காமல் விட்டிருக்கலாம் என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டார். ராஜு எலும்பைத் தட்டி உறிஞ்சியபடி, மழைக்காலத்தில் பால் வெட்டுவது எப்படி என்று, அதாவது வெட்டாமல் இருப்பது எப்படி என்று, பந்திக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு நிமிர்ந்த முதுகோடு அவர் உட்கார்ந்து அந்த வீடு பார்த்ததில்லை.

சட்டைப்பையில் மறுபடி மணி அடித்தது. பழக்க தோஷத்தில் நவமணியின் முகத்தைப் பார்த்தார் ராஜு.

"விடுங்க. யாரா இருந்தா என்ன, நிதானமா சாப்பிட்டு எடுங்க," என்றார் நவமணி, பெருமையோடு.

அழைத்தது பழனியப்பன். தனேஸ்வரியின் கல்யாணத் தேதிக்கே மண்டபம் கேட்டு இன்னொரு குடும்பம் காலையிலிருந்து அவர் எதிரில் உட்கார்ந்திருந்தது. இந்த மணியும் அடித்து ஓய்ந்ததும் மண்டபத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.